கதவுக்குப் பின்னால் வெள்ளை வட்டோடு ஒரு வேட்டைச் சிலந்தி, ஐந்து நாளாக அசையவில்லை. நோயா?

தும்பி எழுதியது:

வணக்கம். சாமான் அறைக் கதவுக்குப் பின்னால், சுவரும் நிலைச்சட்டமும் சேரும் மூலையில் பெரிய எட்டுக்கால் பூச்சி ஒன்று ஐந்து நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது. கால்களை விரித்தால் என் உள்ளங்கையை முழுதாக மூடிவிடும். உடல் தட்டை, நிறம் காய்ந்த இலை போலப் பழுப்பு. முகத்துக்குக் குறுக்கே வெளிர்மஞ்சளாக ஒரு பட்டை, பார்த்தால் மீசை மாதிரி இருக்கிறது. இடப்பக்கம் இரண்டாவது கால் இல்லை.

வயிற்றுக்கு அடியில் நாணயம் போல வட்டமான, தட்டையான, வெண்மையான ஒன்றை இறுகப் பிடித்திருக்கிறது. முதலில் ஏதோ காகிதம் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு கரப்பான் குஞ்சு போனது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கமாக விளக்கைப் போட்டதும் மின்னல் மாதிரி ஓடுகிற பூச்சி இது. இப்போது கதவை அசைத்தால்கூட அரை அடிதான் நகர்கிறது. நோய்வாய்ப்பட்டதா? ஏதாவது செய்ய வேண்டுமா?

மரப்பட்டை எழுதியது:

நோய் இல்லை தும்பி, பிள்ளைத்தாய்ச்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டு முட்டைப் பை. உள்ளே 200 முட்டைக்குக் குறையாமல் இருக்கும், சில சமயம் அதைவிட நிறையவே இருக்கும்.

நீங்கள் சொல்கிற அடையாளங்களைப் பார்த்தால் ஹெட்டெரோபோடா வெனடோரியா. வெப்பநாடுகள் முழுக்க வீடுகளில் வாழ்கிற வேட்டைச் சிலந்தி. 1767இல் லின்னேயஸ் என்ற இயற்கையியலாளர் பெயரிட்டது. வெனடோரியா என்றால் வேட்டைக்குரியது என்று பொருள். பிறப்பிடம் ஆசியாவின் வெப்பப் பகுதி. சரக்குக் கப்பல்களில், முக்கியமாக வாழைத்தார்களுக்குள் ஒளிந்து பயணம் செய்து ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகள், ஹவாய், ஃபுளோரிடா வரை போய்க் குடியேறிவிட்டது. அந்தத் தட்டை உடம்புதான் அதற்குப் பயணச்சீட்டு. இரண்டு பலகைக்கு நடுவே ஒரு கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும்.

முகப்பட்டையைச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். ஆண், பெண் இரண்டுக்கும் அது உண்டு. ஆணுக்கு உடல் சிறுத்து, கால்கள் இன்னும் நீளமாக இருக்கும். வாயருகே இரண்டு குட்டிக் கைகள் போல இருப்பவற்றின் நுனி, ஆணுக்குக் குத்துச்சண்டை உறை மாட்டியது போலப் பருத்திருக்கும். உங்களுடையது பெண். அந்தக் குட்டிக் கைகளாலும் தாடைகளாலும்தான் பையைப் பிடித்திருக்கிறாள். வாய்ப்பக்கம் முழுக்கப் பை இருப்பதால் இந்த நாட்களில் பெரும்பாலும் எதுவும் சாப்பிட மாட்டாள். கரப்பானை விட்டதற்குக் காரணம் அதுதான்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கதவை வேகமாகத் திறக்காதீர்கள். விரட்டினால் பையைப் போட்டுவிட்டு ஓடக்கூடும். தாய் இல்லாத பையைப் பூஞ்சையோ எறும்போ விட்டுவைக்காது.

கல்தூண் எழுதியது:

மன்னிக்கவும், எனக்கு இந்த இழையைப் படிக்கும்போதே உடம்பு கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன், ஏனென்றால் என் வீட்டிலும் இதே மீசைக்காரன் இருக்கிறான், எனக்கு இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. இதற்கு விஷம் உண்டா? போன வருடம் என் கழுத்தில் கோடு போட்டது போலக் கொப்புளம் வந்தது. எட்டுக்கால் பூச்சி ஊர்ந்ததால் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். இருநூறு குஞ்சுகள் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும்?

மரப்பட்டை எழுதியது:

கல்தூண், பயம் நியாயமானதுதான், அதனால் நேராகச் சொல்கிறேன்.

விஷம் உண்டு. அது இல்லாமல் சிலந்தியால் கரப்பானை அடக்க முடியாது. மனிதரைக் கடித்தால் கடித்த இடத்தில் வலி, கொஞ்சம் வீக்கம், சிவப்பு. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அதுவும் கையால் பிடித்து அழுத்தினால், துணிக்குள் மாட்டிக்கொண்டால், முட்டைப் பையோடு இருக்கும் தாயைச் சீண்டினால்தான் கடிக்கும். தேடி வந்து கடிக்கிற விலங்கு இல்லை. ஒவ்வாமை உள்ளவர்களும் குழந்தைகளும் எந்தப் பூச்சிக் கடிக்கும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது, அது பொது விதி.

சிலந்தி மேலே ஊர்ந்தால் கொப்புளம் வராது. அது கால் வைத்து நடக்கிறது, அவ்வளவுதான். கோடு போட்ட மாதிரிக் கொப்புளத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஒன்று பெடரஸ் என்ற சின்ன வண்டு. கறுப்பும் செம்மஞ்சளுமாக, எறும்பு போல ஒல்லியாக இருக்கும். இரவு விளக்கு வெளிச்சத்துக்கு வரும். கழுத்தில் ஊர்கிறதே என்று அதைத் தட்டித் தேய்த்துவிட்டால் உடலுக்குள் இருக்கும் பெடரின் என்ற நச்சு தோலில் பரவும். மறுநாள் தேய்த்த திசையிலேயே கொப்புளம் வரிசையாக எழும்பும். அக்கியிலும் இப்படி வரிசையாக வரும். சுவரில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது, வண்டு தெரிவதில்லை. பழி சிலந்திக்குப் போய்விடுகிறது.

குஞ்சுகளில் வளர்ந்து பெரிதாவது மிகச் சிலதான். பல்லி தின்னும், எறும்பு தின்னும், ஒன்றையொன்று தின்னும்.

நடுநிசி எழுதியது:

தும்பி, ஒரு வேலை செய்து பாருங்கள். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டு அவளைப் பாருங்கள். சற்றுத் தள்ளி நின்றே போதும். கண்கள் பளிச்சென்று மின்னும். கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் அப்படி. பூனைக் கண் மின்னுவதும் இதே வழியில்தான். டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் தெரியாது, ஒளி வந்த வழியேதான் திரும்பும்.

நான் இப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகு வேலிக்குள்ளும் மரத்திலும் எத்தனை இருக்கின்றன என்று கண்டு வாயடைத்துப் போனேன். எட்டுக் கண்கள், நாலு நாலாக இரண்டு வரிசை. ஓநாய்ச் சிலந்திக்கும் கண் மின்னும். ஆனால் அதற்குக் கீழ் வரிசையில் நாலு பொடிக் கண்கள், மேலே இரண்டு பெரிய கண்கள் முன்னோக்கி, அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. முகத்தைப் பார்த்தே வித்தியாசம் சொல்லிவிடலாம்.

முட்டைப் பையை வைத்துச் சொல்வது இன்னும் சுலபம். ஓநாய்ச் சிலந்தி பையை உடலின் பின் நுனியில், நூல் வரும் இடத்தில் ஒட்டி இழுத்துக்கொண்டு போகும். குஞ்சு பொரித்ததும் அத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். வேட்டைச் சிலந்தி முன்னால் பிடிக்கும், முதுகில் ஏற்றாது.

ஓடைக்கல் எழுதியது:

பெயரே வேட்டைச் சிலந்தி. வலை கிடையாது. அப்படியென்றால் இரையைத் துரத்தி ஓடிப் பிடிப்பதுதானே இதன் பிழைப்பு? ஒரு நொடியில் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிறுத்தை எப்படியோ அப்படித்தான் சிலந்திகளில் இது என்று நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். தும்பியின் சிலந்தி நாள்கணக்கில் நிற்பது முட்டை இருப்பதால் மட்டும்தான், இல்லையா?

மரப்பட்டை எழுதியது:

ஓடைக்கல், இங்கேதான் நான் மாறுபடுகிறேன். நாம் பார்க்கிற அந்த ஓட்டம் பயத்தில் ஓடுகிற ஓட்டம். விளக்கைப் போட்டதும், துடைப்பத்தை எடுத்ததும் ஓடுகிறது. நாம் பார்க்கும் நேரமெல்லாம் அது நம்மைப் பார்த்து ஓடும் நேரமாக இருப்பதால், ஓடுவதே அதன் தொழில் என்று நினைத்துக்கொள்கிறோம். இருட்டில் தொந்தரவு செய்யாமல் உட்கார்ந்து பாருங்கள். மணிக்கணக்கில் நிற்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்த பிறகு ஒரு பாய்ச்சல், அதோடு முடிந்தது.

அதன் உடலே நீண்ட ஓட்டத்துக்கு ஏற்றதில்லை. சிலந்திக் கால்களின் இரண்டு முக்கிய மூட்டுகளில் மடக்கும் தசை உண்டு, நீட்டும் தசை கிடையாது. காலை நீட்ட வேண்டுமென்றால் தலைநெஞ்சுப் பகுதியை இறுக்கி, ரத்தத்தைக் கால்களுக்குள் அழுத்தி அனுப்ப வேண்டும். மண் தோண்டும் எந்திரத்தின் கையை எண்ணெய் அழுத்தம் நீட்டுகிறதே, அதே தத்துவம். செத்த சிலந்தி எட்டுக் காலையும் உள்ளே சுருட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் போய்விட்டது, மடக்கும் தசை மட்டும் மிச்சம்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது நமக்கு இரும்பு உள்ள ஹீமோகுளோபின். அதற்குச் செம்பு உள்ள ஹீமோசயனின். மூச்சுக்குப் புத்தகத் தாள்கள் போல அடுக்கடுக்கான ஒரு ஜோடி புத்தக நுரையீரல், கூடவே மெல்லிய மூச்சுக் குழல்கள். இந்த ஏற்பாட்டால் முழு வேக ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. தசைகள் ஆக்சிஜன் இல்லாமலே வேலை செய்து சீக்கிரம் களைத்துப்போகும். விடாமல் விரட்டப்பட்ட சிலந்தி கொஞ்ச நேரத்தில் எவ்வளவு சீண்டினாலும் நகராமல் நின்றுவிடும். துணிந்து நிற்கிறது என்று நினைப்போம். உண்மையில் அதற்கு ஓட வலுவில்லை.

அதனால் துரத்த வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையை நுழைத்து, வெளியே விட்டுவிடலாம்.

ஓடைக்கல் எழுதியது:

களைப்பு விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஆனாலும் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். இதே குடும்பத்தில் மொராக்கோ மணல்மேட்டில் வாழும் செப்ரென்னஸ் ரெச்சன்பெர்கி இருக்கிறது. ஆபத்து வந்தால் முதலில் ஓடும், பிறகு கரணம் போடும். காலை ஊன்றிக் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே போகும். சாதாரணமாக ஓடினால் நொடிக்கு ஒரு மீட்டர், கரணத்தில் இரண்டு மீட்டர். மேட்டில் ஏறும்போதும் கரணம் போட முடிகிறது. இங்கோ ரெச்சன்பெர்க் என்ற ஜெர்மன் பொறியாளர் அதைப் பார்த்து அதேபோல உருளும் இயந்திரமே செய்தார். 2014இல் அவர் பெயரையே இந்த இனத்துக்கு வைத்தார்கள்.

நமீப் பாலைவனத்தில் இன்னொன்று, கார்பராக்னே. கால்களை மடக்கிச் சக்கரமாகி மணற்சரிவில் உருண்டு இறங்கும், விநாடிக்கு 44 சுற்று வரை. இவற்றையெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும் விலங்கு என்று எப்படிச் சொல்வது?

மரப்பட்டை எழுதியது:

இரண்டுமே தப்பிக்கும் வித்தைகள் என்பதைக் கவனித்தீர்களா? கார்பராக்னே உருள்வது குளவியிடமிருந்து. செப்ரென்னஸ் கரணம் போடுவது எதிரியிடமிருந்து. இரையைப் பிடிக்க இரண்டுமே அப்படிச் செய்வதில்லை. அவ்வளவு களைப்பைத் தரும் வித்தையை உயிர் போகும் நிலையில்தான் எடுக்கும். ஒரு கரப்பானுக்காக எடுத்தால் கட்டுப்படியாகாது.

வெள்ளெருக்கு எழுதியது:

குளவிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். போன மழைக்காலத்தில் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நீலக் கறுப்பில், சிறகு மட்டும் துரு நிறமாக ஒரு குளவி. தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய வேட்டைச் சிலந்தியைப் பின்பக்கமாகவே நடந்து இழுத்துக்கொண்டு போனது. சிலந்தி செத்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். கால் நுனி மட்டும் மெல்லத் துடித்தது. குளவி ஒரு கல் இடுக்கருகே அதைப் போட்டுவிட்டு உள்ளே போய் இடம் பார்த்தது, திரும்ப வந்தது, கொஞ்சம் நகர்த்தியது, மறுபடி உள்ளே போனது. கால் மணி நேரம் இப்படியே. கடைசியில் உள்ளே இழுத்துக்கொண்டு மண்ணால் அடைத்துவிட்டது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். குளவி சிலந்தியின் உடலுக்கு அடியில் நரம்புத் திரள் இருக்கும் இடம் பார்த்துக் கொட்டுகிறது. சிலந்தி சாகாது, அசையவும் முடியாது. அதன் மேல் ஒரே ஒரு முட்டை. பொரித்து வரும் புழு, இதயமும் நரம்பும் கெடாமல் மற்றதை முதலில் தின்று, இரை கடைசிவரை அழுகாமல் பார்த்துக்கொள்ளும். இவ்வளவு பெரிய வேட்டைக்காரிக்கும் இப்படி ஒரு முடிவு. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குளவி மேல் கோபமும் வரவில்லை. அதுவும் தன் பிள்ளைக்காகத்தானே செய்தது.

தும்பி எழுதியது:

பன்னிரண்டாம் நாள். நடுநிசி சொன்னபடி டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். மின்னியது! இத்தனை வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், இது தெரியாமலே இருந்திருக்கிறேன்.

நேற்று இரவு ஒரு பல்லி அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. அவள் முன்னங்கால் இரண்டையும் மெல்லத் தூக்கி, உடலைப் பை மேல் இன்னும் தாழ்த்தினாள். அந்த நேரத்தில் உடலே இரண்டு மடங்கு ஆனது போல இருந்தது. பல்லி வாலை இரண்டு தடவை ஆட்டியது, பிறகு திரும்பிப் போய்விட்டது. தூக்கிய கால்களை அவள் இறக்க வெகு நேரம் ஆனது.

அவள் வயிறு முன்பைவிடச் சுருங்கியிருக்கிறது. தண்ணீர் வைக்கலாமா? இல்லாத அந்தக் கால் திரும்ப முளைக்குமா?

மரப்பட்டை எழுதியது:

சுவரில் அவளுக்கு எட்டும் இடத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துவிடுங்கள், போதும். வேண்டுமென்றால் குடிப்பாள்.

கால் முளைக்காது. தோலுரிக்கும்போதுதான் புதுக் கால் வரும். முதிர்ந்த பிறகு இந்தச் சிலந்திகள் தோலுரிப்பதில்லை. இளசாக இருந்தபோது போயிருந்தால் அடுத்த உரிப்பிலேயே சின்னதாக, மெலிசாக ஒரு கால் வந்திருக்கும். ஆகவே பெரும்பாலும் அவள் பெரியவளான பிறகு இழந்ததாக இருக்கும். எதிரி காலைப் பிடித்தால் அடி மூட்டிலேயே தானாகக் கழற்றிவிட்டு ஓட முடியும். அந்த இடம் உடனே மூடிக்கொள்ளும், ரத்தம் அதிகம் போகாது.

நடுநிசி எழுதியது:

தோலுரித்தல் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. உத்தரத்தில் செத்த சிலந்தி தொங்குகிறது என்று பலர் சொல்வது பெரும்பாலும் உரித்த சட்டை. நூலில் தலைகீழாகத் தொங்கி, முதுகோடு மூடி போலத் திறந்து, ஒவ்வொரு காலாக உருவி எடுக்கும், கையுறையிலிருந்து விரலை உருவுவது போல. சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்கள் இருந்த இடத்தில் எட்டுச் சின்னச் சன்னல்கள் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், யாரும் சொல்லவில்லை. இந்த இனத்தின் ஆண், பெண்ணைத் தேடும்போது ஒலி எழுப்பும். கால் நுனி மயிர்களால் பரப்பில் ஒட்டிக்கொண்டு, உடலை வேகமாக அதிர வைக்கும். அந்த அதிர்வு காற்றில் மெல்லிய ரீங்காரமாகக் கேட்கும். ஜெரோம் ரோவ்னர் என்ற சிலந்தி ஆய்வாளர் 1980இல் இதை விவரித்தார். சிலந்திகள் ஒலி எழுப்ப, உறுப்போடு உறுப்பை உரசுவது, தரையைத் தட்டுவது என்று இரண்டு வழிகள் முன்பே தெரியும். இது மூன்றாவது வழி. சுவரில் ஒரு தேனீ இருக்கிறதோ என்று இரவில் தோன்றினால், டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

கல்தூண் எழுதியது:

இரண்டு வாரமாக இழையைப் படித்துவருகிறேன். இன்னும் பயம் போகவில்லை, ஆனால் துடைப்பத்தை எடுக்கவில்லை. ஒரு கேள்வி. முப்பது சென்டிமீட்டர் அகலச் சிலந்தி இருக்கிறது என்று எங்கோ படித்தேன், உண்மையா?

மரப்பட்டை எழுதியது:

உண்மை. ஹெட்டெரோபோடா மாக்ஸிமா. லாவோஸ் குகைகளில் வாழ்வது. பீட்டர் யேகர் என்ற சிலந்தி ஆய்வாளர் 2001இல் விவரித்தார். கால் விரிப்பு 30 செ.மீ. வரை. உடல் மட்டும் ஐந்து செ.மீ.க்கும் குறைவு, மிச்சமெல்லாம் கால். நம் வீட்டுக்காரியின் நெருங்கிய உறவு. எடையில் இதைவிடப் பெரிய டரான்டுலாக்கள் (மயிரடர்ந்த பருத்த சிலந்திகள்) உண்டு, கால் விரிப்பில் இதுதான் முன்னணி.

அதே நாட்டுக் குகைகளில் இந்தக் குடும்பத்தின் இன்னொரு சிலந்தியும் இருக்கிறது. சைனோபோடா ஸ்கூரியன், 2012இல் விவரிக்கப்பட்டது. கண்ணே இல்லை. வெளிச்சமே வராத இடத்தில் கண் தேவைப்படவில்லை. அதன் சொந்தங்களில் சிலவற்றுக்கு எட்டுக்குப் பதில் சில கண்கள் மட்டும் மங்கலாக மிஞ்சியிருக்கின்றன. கண் படிப்படியாகப் போவதை ஒரே பேரினத்தில் வரிசையாகப் பார்க்கலாம்.

கண் இல்லாமல் எப்படி வேட்டை என்றால், ஓடைக்கலோடு நான் வாதாடிய இடத்துக்கே வர வேண்டியிருக்கிறது. கால்களில் மிக மெல்லிய நெட்டை மயிர்கள் உண்டு. பக்கத்தில் பூச்சி சிறகை அசைத்தால் எழும் காற்றசைவுக்கே அவை ஆடும். காலில் உள்ள நுண்ணிய கீறல் உறுப்புகள் பரப்பில் வரும் அதிர்வை அறியும். இந்தச் செய்தி நன்றாகக் கேட்க வேண்டுமென்றால் சிலந்தி அசையாமல் நிற்க வேண்டும்.

வெள்ளெருக்கு எழுதியது:

தாய்மை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. ஆஸ்திரேலியாவில் டெலீனா கேன்சரைட்ஸ் என்ற வேட்டைச் சிலந்தி குடும்பமாக வாழ்கிறது. செத்த மரத்தின் பட்டைக்கு அடியில் ஒரே ஒரு பெரிய பெண், கூடவே பல ஈட்டுப் பிள்ளைகள். ஒரு கூட்டத்தில் 300 வரைகூட இருக்கும். மூத்தது கொண்டுவந்த இரையில் சின்னதும் பங்கு சாப்பிடும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் லிண்டா ரேயர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். சிலந்தி என்றாலே தனிமை, ஒன்றையொன்று தின்னும் குணம் என்று பழகிய எனக்கு இதைப் படித்தபோது மனசு நெகிழ்ந்தது.

தென்னாப்பிரிக்காவின் பாலிஸ்டஸ் இனங்களில் தாய், இலைகளையும் குச்சிகளையும் நூலால் பின்னி பந்து போலப் பை கட்டிவிட்டு அதன் மேலேயே காவல் இருக்கும். செடி வெட்டுகிறவர்கள் தெரியாமல் கை வைத்தால் கடி வாங்குவார்கள்.

தும்பி எழுதியது:

இருபத்தாறாம் நாள். பொரித்துவிட்டது!!

காலையில் போனபோது பையின் ஓரத்தில் தையல் பிரிந்தது போல ஒரு வாய். அதைச் சுற்றிச் சுவரில் வெளிர்ப் புள்ளிகள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கடுகளவு, கால்கள் கண்ணாடி மாதிரி ஊடே தெரிகின்றன, வயிறு மட்டும் பால் நிறத்தில் குண்டாக. தாய்க்கு இருப்பது போலவே கால்களைப் பக்கவாட்டில் நண்டு மாதிரி விரித்து நிற்கின்றன, இத்தனை சிறிய உடம்பிலும். எண்ணப் பார்த்தேன், 140 வரை எண்ணினேன், அதற்குள் இடம் மாறிவிட்டன.

அவள் நடுவில் நிற்கிறாள். மூன்று குஞ்சுகள் அவள் காலிலேயே ஏறி இறங்கின. ஒன்றும் செய்யவில்லை. வெறும் பையை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

மரப்பட்டை எழுதியது:

வாழ்த்துகள்! பைக்குள்ளேயே முதல் உரிப்பு முடிந்த பிறகுதான் வெளியே வரும். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவின் மிச்சம் அவற்றுக்குச் சில நாள் தாங்கும். அதுவரை பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். பசி வந்ததும் பிரிந்துவிடும். கதவு இன்னும் ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும்.

தும்பி எழுதியது:

முப்பத்து நான்காம் நாள். குஞ்சுகள் போய்விட்டன. நிலைச்சட்டத்தில் நாலைந்து மட்டும் தெரிகின்றன. பையை நேற்று முன்தினம் போட்டுவிட்டாள், எடுத்து வைத்திருக்கிறேன். தொட்டால் காய்ந்த தாமரை இலை மாதிரி சரசரக்கிறது.

இன்று எழுத வந்தது வேறு விஷயம். இரவு பத்தரையிலிருந்து தரையில் உட்கார்ந்து, டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டு பார்த்தேன். அவள் கதவிலிருந்து இறங்கி, தரைக்கு ஒரு முழம் மேலே, தலை கீழ்நோக்கி நின்றாள். முன்னங்கால்கள் அகல விரிந்திருந்தன. ஒன்றே முக்கால் மணி நேரம். என் கால்தான் மரத்துப்போனது, அவள் ஒரு நுனியைக்கூட அசைக்கவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு வளர்ந்த கரப்பான் ஒன்று தரையோரமாக வந்து சுவரில் ஏறியது. நின்றது, மீசையை ஆட்டியது, மறுபடி ஏறியது. அவள் வலப்பக்க முன்னங்காலை மட்டும் ஒரு மயிரளவு திருப்பினாள், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கரப்பான் இன்னும் இரண்டு அடி வைத்தது. அதற்கப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கண் இமைத்தேனா என்றுகூடத் தெரியவில்லை. அடுத்த கணம் ஏழு கால்களும் கூண்டு போலக் கவிழ்ந்திருந்தன, கரப்பான் நடுவில். கொஞ்ச நேரம் அதன் பின்னங்கால்கள் சுவரை உதைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அவள் நின்றிருந்த இடத்தில் சுவரில் ஒரு பழைய ஆணி இருந்ததால் இப்போது போய் அடிக்கோலால் அளந்தேன். அவள் பாய்ந்த தூரம் ஒன்பது சென்டிமீட்டர்.

ஓடைக்கல் எழுதியது:

ஒன்பது சென்டிமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். சரி மரப்பட்டை, ஒத்துக்கொள்கிறேன். சிறுத்தை என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீர்க்கரையில் நிற்கும் கொக்கு என்று சொல்லியிருக்க வேண்டும்.

தும்பி, ஒரு கால் குறைந்ததால் பிடியில் தடுமாற்றம் ஏதும் தெரிந்ததா?

தும்பி எழுதியது:

இல்லை. இடப்பக்கம் இடைவெளி இருந்தது உண்மைதான், கரப்பானின் ஒரு சிறகு நுனி அந்த வழியாக வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மூன்றாவது காலைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி அதையும் மூடிக்கொண்டாள். இப்போது மணி ஒன்றரை, இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.